பெட்டிச் சூடும் கல்லுச் சூடும்

பஸ்ஸைப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பாலக்கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் அது நின்றுபோனது. "அடுத்த வண்டி வரும், ஏறிக்கங்க" என்றார் கண்டக்டர். அடுத்த வண்டிக்காக உட்கார்ந்திருப்பது எனக்கு வராத காரியம். காலையில்தான் கடத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையை விட்டுக் கிளம்பியிருந்தேன். மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை. அதனால் பையைத் தூக்கிக்கொண்டேன். ஓசூரில் ஏதாவது வேலை கிடைக்கும் என்பதைத் தாண்டி யோசித்திருக்கவில்லை.

தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மாடுகளின் கொம்பில் பொங்கல் வர்ணம் இன்னும் உரியவில்லை. மேற்கே மலைகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவைபோல மங்கலாகத் தெரிந்தன. வெயில் இருந்தும் உடம்பில் சுடவில்லை. எங்கள் ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். அங்கே தை மாத வெயிலுக்கும் பல் உண்டு.

அப்போது ஒரு சின்ன சரக்கு வண்டி என்னைத் தாண்டிப் போனது. அதிலிருந்து ஒரு கல் உருண்டு சாலையில் விழுந்தது. வண்டி நின்றது. ஓட்டிவந்த பெண் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, அந்தக் கல்ல எடுத்துக் குடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்."

தூக்கினேன். கருங்கல் துண்டு; பார்வைக்கு இருந்ததைவிடக் கனம். வண்டி முழுக்க அதேபோலக் கற்கள் கிடந்தன. கிரானைட் பட்டறையில் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகள்.

"வீடு கட்டுறீங்களாக்கா?"

"இல்லைங்க. இது சுடறதுக்கு."

"கல்லையா?"

"ஆமாங்க. கல்ல நல்லாச் சூடு பண்ணி, மேல தண்ணி ஊத்தி, அந்த ஆவியில உக்கார்றது. சவுனான்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். கையில் கல்லோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு லாத்வியாவுக்குக் கிடங்கு வேலைக்குப் போனவன் நான். கிடங்கை மூடிவிட்டார்கள். திரும்பி வரவும் வழியில்லாமல், ஏரிக்கரையில் இருந்த ஒரு குளியல் வீட்டில் விறகு பிளந்தேன். மர அறை. மூலையில் கல் அடுக்கிய அடுப்பு. வெளியே ஏரியே உறைந்து கிடக்கும்; உள்ளே கரண்டித் தண்ணீர் பட்டதும் கல் சீறும். தெருவில் முகம் கொடுத்துப் பேசாத ஆண்கள் அந்த இருட்டில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ஒருவர் மேல்பலகையைத் தட்டி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கைச்சாடையோடு எனக்கு விளக்கினார். "இவன் அம்மா இவனைப் பெற்றது இந்தப் பலகையில்தான். அந்தக் காலத்தில் ஊரிலேயே சூடான, சுத்தமான இடம் இதுதானே." அதற்குப் பிறகு அந்தப் பலகையைத் துடைக்கும்போது என் கை கொஞ்சம் மெதுவாகப் போகும்.

இதில் கொஞ்சத்தைச் சொன்னேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப ஏறுங்க. ஓசூர் எங்கியும் ஓடிப்போவாது."

அவர் பெயர் வேணி. மாரண்டஹள்ளியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, அதை ஒட்டித் தக்காளிக் காடு. தோப்புக்குள் ஓடு போட்ட இரண்டு அறைகளைக் கட்டிவைத்திருந்தார். சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள். மாம்பழம் அடுக்கும் பழைய கொட்டகையில் பாதியைப் பலகை அடித்து அறையாக்கி, இரும்பு அடுப்பும் வைத்திருந்தார். கல் மட்டும்தான் பாக்கி.

வேணியக்கா பெங்களூரில் ஒரு பெரிய கிளப்பில் துப்புரவு வேலை செய்தவர். அங்கே இருந்த சவுனாவை மூடிய பிறகு கழுவுவது அவர் வேலை. ஆறிக்கொண்டிருக்கும் அறையில், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவாராம். "அந்தக் கொஞ்ச நேரத்துக்காவத்தாங்க அங்க அத்தன வருசம் இருந்தேன்." நாங்கள் இருவருமே அந்தச் சூட்டைப் பின்வாசல் வழியாக அறிந்தவர்கள்.

மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேணியக்காவின் கணவர் சின்னசாமி.

"யாரு வேணி இது?"

"கல்லு கீழ வுழுந்துச்சு. எடுத்துக் குடுத்தாரு."

"அதுக்குன்னு ஆளையும் சேத்து ஏத்திக்கிட்டு வந்துட்டியா? இன்னும் ரெண்டு கல்லு வுழுந்திருந்தா பஸ்ஸே வந்திருக்கும்."

சிரித்தார். ஆனால் தோள் அசையவில்லை.

சாயங்காலம் களி கிண்டினார்கள். ஒரு கையில் அடங்காத ராகி உருண்டை, மொச்சைக்கொட்டைக் குழம்பு. நான் மெல்வதைப் பார்த்து சின்னசாமி அண்ணனுக்கு மறுபடி சிரிப்பு. "களிய யாராவது மெல்லுவாங்களா? கொழம்புல தோச்சு முழுங்குங்க. அதுக்கு வழி தெரியும்." எங்கள் ஊரில் களி என்றால் உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். இது வேறு. வயிற்றுக்குள் ஒரு சூடான கல் இறங்கியதுபோல அமைதியாக இருந்தது.

பாத்திரம் கழுவும்போது வேணியக்கா சொன்னார். அண்ணன் லாரி டிரைவர். ஒருநாள் லோடு மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது முதுகு பிடித்துக்கொண்டது. தர்மபுரி டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறில்லை, தசைதான் இறுகிவிட்டது, பயிற்சி செய்யலாம், சூடு கொடுக்கலாம் என்றார். ஆனால் படுத்தால் உயிர் போகிற வலி.

"அந்த நாற்காலியிலதாங்க தூக்கம். மனுசன் காலு நீட்டிப் படுத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. பெங்களூர்க்காரங்களுக்குன்னு வெளிய சொல்லிக்கறேன். இது எல்லாம் அவருக்குத்தான்."

மறுநாள் விடியும்போது பனி மூட்டம். மாமரங்கள் இடுப்புக்குக் கீழே காணாமல் போயிருந்தன. அதற்குள் அந்த நாற்காலி. கம்பளி போர்த்திய அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கம்பளியின் மேல் பனித்துளி பூத்திருந்தது. கைகள் இரண்டும் மடியிலிருந்து கொஞ்சம் மேலே, எதையோ பிடிக்கப்போவதுபோல நின்றன.

பனி விலகியதும் நாகராஜ் என்பவர் வந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். இன்ஃப்ராரெட் சவுனா விற்பவர். அவருடைய பெட்டி, உட்கார்ந்து பார்த்துப் பிடித்தால் வாங்கலாம் என்று, முன்தினமே வந்து கொட்டகையின் இன்னொரு பாதியில் நின்றது. கண்ணாடிக் கதவு வைத்த மரப் பெட்டி, ஒருவர் உட்காரலாம். கல்லடுப்பு அறை, பெட்டி இரண்டையும் வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. மாங்காய் சீசனுக்கு ஒரு பாதியாவது காலியாக வேண்டும். மறுநாள் மாலை நாகராஜுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை. "கல்லு சவுனா காத்தச் சுட வைக்கும். காத்து ஆளச் சுட வைக்கும். இது காத்த வுட்டுட்டு நேரா ஒடம்புக்குப் போவும். சூடு கம்மிதான், ஆனா உள்ள எறங்கும். வெறகு வேணாம், பொகை இல்ல. பட்டன் அழுத்தினா அஞ்சு பத்து நிமிசத்துல ரெடி. ஹார்ட் பிராப்ளம் இருந்தா மட்டும் டாக்டரக் கேட்டுக்கங்க. அது எந்தச் சவுனாவுக்கும்தான்."

நடுவில் அவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கன்னடத்தில் பேசினார். எனக்குப் புரிந்தவரை இப்படி: "சாப்பிட்டாச்சும்மா. இங்கேயும் ராகி முத்தேதான். ஆனால் உருண்டை நம்முடையதைவிடப் பெரிசு. இறங்கிக்கொண்டே இருக்கிறது."

அண்ணன் வேட்டியோடு பெட்டிக்குள் உட்கார்ந்தார். சிவப்பு வெளிச்சம் விழுந்தது. பக்கத்துக் காட்டு மாதம்மா, மாட்டைக் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடி வேணி, கோழிக்குஞ்சுக்கு லைட்டு போட்ட மாதிரி போட்டு வெச்சிருக்கற? சாயங்காலத்துக்குள்ள ரெக்க மொளைக்குமா?"

"சும்மா இருங்கக்கா. அவரு தூங்கறாரு பாருங்க."

உண்மையாகவே தூங்கிவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வேணியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் பார்த்தது வேறு. அண்ணனுடைய கைகள் மடியிலிருந்து எழும்பி வட்டமாக நின்றன. வலது பாதம் மெதுவாக அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.

நேரம் முடிந்ததும் பெட்டி கூவியது; விளக்கு அணைந்தது. அண்ணன் பதறி விழித்தார். பிரேக்கை மிதிப்பதுபோல ஓங்கி மிதித்தார். கண்ணாடி அதிர்ந்தது.

"தோப்பூர் எறங்கியாச்சா?"

தோப்பூர்க் கணவாய் இறக்கம் தெரியாத லாரிக்காரர் இல்லை. அங்கே கண் அசந்தவர்களின் கதைகள் நிறைய. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நானும் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தேன். குறை சொல்ல முடியாது. காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி இதமாக இருந்தது. லாத்வியாவில் கிழவர்கள் காதைப் பொத்திக்கொள்கிற சூடு இதில் இல்லை. பலவீனமானவர்களுக்கு இதுதான் சரி என்று தோன்றியது.

"பொட்டியே இருக்கட்டும்" என்றார் வேணியக்கா. "தூங்கிட்டாரே, அது போதும். நாளைக்கு ஒருதரம் கல்ல மூட்டிப் பாத்துருவோம். இவ்வளவு தூரம் கொண்டாந்தாச்சு. அப்பறம் பலகையப் பிரிச்சுடலாம்."

மத்தியானம் கல்லடுப்பு அறையில் எனக்கு வேலை இருந்தது. மாம்பழப் பெட்டிப் பலகைகளில் ஆசாரி மேலிருந்து ஆணி அடித்திருந்தார். சூடேறினால் ஒவ்வொரு ஆணித் தலையும் உட்காருகிறவருக்குச் சூடு போடும். பிடுங்கி, அடியிலிருந்து அடிக்கத் தொடங்கினேன். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எதுக்குத் தம்பி பிரிக்கப்போற பலகைக்கு இவ்வளவு பாடு?"

"ஒருநாள் உக்காந்தாலும் சுடத்தானேண்ணே செய்யும்."

அண்ணன் வீட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொட்டி இருக்குதே, அது அப்படியே லாரி கேபினு. முன்னால கண்ணாடி, நேரா சீட்டு, காலடியில அனல். எஞ்சின் சூடு இப்படித்தான் கால்ல அடிக்கும். தூங்கலப்பா நான். கொல்கத்தா வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்."

"அக்காகிட்ட சொல்லலாமேண்ணே."

"அவ மொகத்தப் பாத்தீல்ல? சொல்லாத. உக்காந்துக்கிட்டுத்தானே போறேன்."

எனக்கு அதில் பேச உரிமை இல்லை. சுத்தியலை எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கற்களை அடுக்கினோம்; வேடிக்கை பார்க்க நாகராஜும் வந்திருந்தார். காற்று நுழைய இடைவெளி விட்டு, பெரியது அடியில், சிறியது மேலே. காய்ந்த மாங்கொம்பைப் போட்டு மூட்டினேன். எங்கள் ஊரில் கருவேலத்தை மண்ணுக்குள் மூடிக் கரி எடுப்பார்கள். நெருப்பைப் பார்க்காமல் புகையை வைத்து நெருப்பை அறிகிற பழக்கம் எனக்கு அங்கே வந்தது. புகை வெள்ளையாகக் கிளம்பி, சாம்பலாகி, காணாமல் போயிற்று. அறைக்குள் பலகை மணம் எழுந்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோனது. கதவைத் திறந்தால் ஏரி இருக்கும் என்றே நினைத்தேன். திறந்தேன். சொம்போடு மாதம்மா நின்றிருந்தார்.

"அடுப்பு பத்த வெச்சாச்சா? பாலு காச்சாமயேவா?"

"இது சமையல் அடுப்பு இல்லைங்க. கல்லு மேல தண்ணிதான் ஊத்தணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை!

"புது அடுப்புல மொத மொதல்ல தண்ணியா? நீ எந்த ஊருப்பா? எழவு வூட்டுலகூட நெருப்ப அணைக்க நேரம் பாப்பாங்க. வேணி, இங்க வாடி! இந்த ஆளு புது நெருப்புல தண்ணி ஊத்தணும்ங்கறான்."

வேணியக்கா தீர்த்தமலையிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். முதல் கரண்டிக்கு என்று. அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிளப்பில் அத்தனை வருடம் இருந்தவர். கல்லில் என்ன படலாம், என்ன படக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் புதுக் கட்டடம். புது நெருப்பு. பால் பொங்காமல் எப்படி?

"சீக்கிரம் வெச்சு எடுத்துருங்கக்கா" என்றார்.

மாதம்மா சொம்புக்கு மஞ்சள் பூசி, கறந்த பாலோடு கல்லின் மேல் வைத்தார். அடுப்பில் என்றால் பால் மெல்ல யோசித்துப் பொங்கும். இந்தக் கல் யோசிக்க விடவில்லை. வைத்த மாத்திரத்தில் பால் எகிறியது. "கெழக்கால! கெழக்காலதான் பொங்குது!" என்று மாதம்மா கூவினார். அடுத்த நொடி மேற்கு, தெற்கு, வடக்கு எல்லாப் பக்கமும் பொங்கியது. சொம்பு சாய்ந்தது. முழுப் பாலும் கற்களுக்கு நடுவே இறங்கியது. வெள்ளை ஆவி அறையை அடைத்தது. நாகராஜ் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். அடிப்பிடித்த பாலின் வாசம், ஒரு கல்யாண வீட்டையே தாங்கும் அளவுக்கு, பலகைக்குப் பலகை ஏறிக்கொண்டது.

தீர்த்தத்தை ஊற்றினோம். அதோடு பானைத் தண்ணீரையும் ஊற்றினோம். வாசம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

வேணியக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. சவுனான்னு வந்தவங்க இந்த வாசத்துல உக்காருவாங்களா? ஸ்வீட்டுக் கடைன்னு நெனச்சுக்குவாங்க. நாகராஜண்ணா, பொட்டியே இருக்கட்டும்."

"நல்லா யோசன பண்ணுங்க, அவசரமில்ல" என்றார் நாகராஜ், கண்ணைத் துடைத்தபடி.

"நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்று மாதம்மா முணுமுணுத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுத்துப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, எல்லோரும் காப்பிக்குப் போனோம்.

வெயில் சாய்ந்தபோது வேணியக்கா சாப்பாட்டுத் தட்டோடு மாமரத்தடிக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தது.

நாற்காலியைப் பிடிக்காமல் அண்ணன் பத்தடிகூட நடப்பதில்லை. "மாமா!" என்று கத்தியபடி வேணியக்கா தக்காளிக் காட்டுப் பக்கம் ஓடினார். நாகராஜ் கிணற்றுப் பக்கம் ஓடினார். நான் கொட்டகைக்குப் போனேன்; சுவரைப் பிடித்து நடக்கக்கூடிய வழி அது ஒன்றுதான்.

கல்லடுப்பு அறையில் இப்போது கொதிப்பு இல்லை. கல் உள்ளே வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் சூடு. கதவு வழியே மாலை வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்தது. அந்தப் பட்டையில், கீழ்ப்பலகையில், அண்ணன் நீட்டிப் படுத்திருந்தார். ஒரு கை பலகைக்கு வெளியே தொங்கியது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து, குறட்டை.

வேணியக்கா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். உள்ளே போகவில்லை. அழவுமில்லை. வாசற்படியில் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நாகராஜ் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "பொட்டிய நான் எடுத்துக்கறேன்" என்று கிசுகிசுத்தார். அவரும் நானும் மாதம்மாவும் பெட்டியைச் சத்தமில்லாமல் பிரித்து, பலகை பலகையாக அவர் வண்டிக்குத் தூக்கினோம். வண்டியைக் கிளப்பினால் சத்தம் கேட்குமென்று ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம். ஆர்டர் கைவிட்டுப் போன வண்டியைத் தள்ளும்போது அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் சரிதாங்க. நம்ம பொட்டியில படுக்கறதுக்கு எடமில்ல."

அண்ணன் விழித்தது விளக்கு வைக்கிற நேரத்தில். எழுப்பி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேணியக்காவும் நானும் மரத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டினோம். எங்கள் இருவரையும், எங்கள் பரம்பரையையும் திட்டித் தீர்த்தார். முதுகு ஒன்றும் சரியாகிவிடவில்லை.

"ஏன் மாமா இங்க வந்தீங்க, சொல்லாம கொள்ளாம?"

"பாலு வாசம் வந்துச்சு. ரோட்டுல இருக்கற ஆளுக்கு அந்த வாசம் எங்கடி வரும்? வூட்டுலதான் இருக்கறோம்னு படுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொட்டி கூவுச்சுன்னா எறங்கணும். இது பாட்டுக்கு ஆறுது. நானும் கூடவே ஆறிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை பனிக்குள் பையைத் தோளில் மாட்டினேன். ஓசூர் பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் எங்கோ கேட்டது. வேணியக்கா ஒரு அன்னக்கூடையையும் தேங்காய் நாரையும் புளிக்கரைசலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சனிக்கெழம ஆளுங்க வராங்க. கல்லு அத்தனையும் பாலு கரி புடிச்சுக் கெடக்குது. தேச்சுக் குடுத்துட்டு, வெறகு பாத்துக்கிட்டு இங்கியே இருக்கறதுன்னா இருங்க. இந்தச் சூட்டுக்கு உங்க இருமலும் கேக்கும்."

பையை மாமரக் கிளையில் மாட்டினேன். அடுப்பிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுவந்து தேய்த்தேன். பழுப்பு உரிந்து கருப்பு வந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சொம்பு வைத்திருந்த கல்லை நான் கையில் எடுத்தபோது, கையை நீட்டித் தடுத்தார்.

"அத மட்டும் வுட்டுடு தம்பி. அடியில வெச்சுடு, யாருக்கும் தெரியாது."

அதைத் தேய்க்காமல் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தேன்.